பழைய ஃபியட் பாலியோ 1.6 காரை அசல் நிலைக்குக் கொண்டுவருவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அப்பா 2002-இல் வாங்கிய சிவப்பு நிற ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ், திருவான்மியூரில் உங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நான்கு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. ஷோரூமிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ, கூடுமானவரை அந்த நிலைக்கே அதைக் கொண்டுவர விரும்புகிறீர்கள். இன்ஜினிலிருந்து தொடங்குவதா, பெயின்டிலிருந்து தொடங்குவதா, பார்ட்ஸ் எங்கே கிடைக்கும், இவ்வளவு செலவுக்குத் தகுந்த கார்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய அலாய் சக்கரம் போட்டு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவை ரீமேப் செய்யலாம் (அதன் மென்பொருளை மாற்றலாம்) என்று நண்பர் ஒருவர் சொல்வதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தகுந்த கார்தான். ஆனால் இன்ஜினும் பெயின்டும் காத்திருக்கலாம். இனி எந்தக் கடையிலும் புதிதாக வாங்க முடியாத பொருள்களில் எவையெல்லாம் உங்கள் காரில் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று பார்த்து, முதலில் அவற்றைக் காப்பாற்றுங்கள்.

தகுந்த கார் என்று நான் சொல்வதற்குப் பழம்பாசம் காரணமில்லை. உலகச் சந்தைகளுக்கென்று ஃபியட் வடிவமைத்து 1996-இல் பிரேசிலில் அறிமுகப்படுத்திய காரின், இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ கைவண்ணத்தில் முகம் திருத்தப்பட்ட வடிவம்தான் 2001-இல் மும்பை குர்லா தொழிற்சாலையிலிருந்து நமக்கு வந்தது. சான்ட்ரோவும் ஜென்னும் 60 குதிரைத்திறனை ஒட்டி நின்ற காலத்தில், 16 வால்வு கொண்ட 1.6 லிட்டர் இன்ஜினை ஒரு சிறிய ஹேட்ச்பேக்கில் வைத்து 100 குதிரைத்திறன் கொடுத்தது பாலியோ. பெட்ரோலை அள்ளிக் குடிக்கும் என்ற கெட்ட பெயரும் அதனாலேயே வந்தது. அந்தப் பெயர்தான் 1.6 வண்டிகள் பலவற்றைச் சீக்கிரமே காயலான் கடைக்கு அனுப்பியது. சச்சின் டெண்டுல்கரை விளம்பரத் தூதராக வைத்து விற்ற எஸ்10 பதிப்பு வண்டிகளைச் சிலராவது பத்திரப்படுத்தினார்கள். சாதாரண ஜிடிஎக்ஸைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. ஆகவே பாகங்கள் கலையாத ஒரு ஜிடிஎக்ஸ் இன்று அரிய பொருள்.

இப்படிப்பட்ட காரை எடுப்பவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: முதல் வாரத்திலேயே இன்ஜினை இறக்குகிறார்கள், அடுத்த மாதம் வண்டியை டிங்கரிங் ஷெட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கதவு டிரிம்கள் (கதவின் உட்புற உறைகள்), பீடிங், விளக்குகள், லோகோக்கள் எல்லாம் அவசரமாகப் பிடுங்கப்பட்டு ஒரு கோணிப்பைக்குள் போகின்றன. பாதி கிளிப் உடைந்தும் மீதி காணாமலும் திரும்புகின்றன. டைமிங் பெல்ட், பேரிங், கேஸ்கெட், புஷ் போன்றவற்றை இன்றும் எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம். ஜிடிஎக்ஸின் இருக்கைத் துணி, டாஷ்போர்டின் விரிசலில்லாத மேற்பகுதி, கதவு ஓரத்து ரப்பர், பின்கதவு எழுத்துகள், மீட்டர் கன்சோல் ஆகியவற்றுக்கு மாற்று கிடையாது. அதனால் கதவு டிரிம்களையும் உள்புறப் பிளாஸ்டிக்கையும் ஷெட்டுக்கு அனுப்பும் முன் நீங்களே கழற்றி வீட்டில் வையுங்கள். இருபது ஆண்டுப் பிளாஸ்டிக் குளிர்ந்த நிலையில் சட்டென்று உடையும். வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கழற்றினால் கிளிப்புகள் வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு திருகையும் அது வந்த இடத்தின் பெயர் எழுதிய சிறு உறையில் போட்டு, கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கைத் துணியைக் கழற்றி எறிந்துவிட்டு ஆர்ட் லெதர் (செயற்கைத் தோல்) போடலாம் என்று கார் அலங்காரக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் சொல்வார்கள், கேட்காதீர்கள். உள்ளிருக்கும் ஃபோமை மட்டும் புதிதாக்கி, அசல் துணியைச் சுத்தம் செய்து திரும்பத் தைக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் இருக்கையின் ஓரம் கிழிந்திருந்தால், யார் கண்ணிலும் படாத பகுதியிலிருந்து துணி எடுத்து ஒட்டுப்போடலாம்.

அடுத்தது தண்ணீர். நான்கு ஆண்டுகளாகத் திருவான்மியூர்க் கீழ்த்தளத்தில் நிற்கும் கார் என்றால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளம் அதைத் தொட்டதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். 2015 டிசம்பரில் வண்டி எங்கே நின்றது என்பதையும் வீட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். முன் இருக்கை பெல்ட்டை முழுவதுமாக, சுருள் முடியும்வரை வெளியே இழுத்துப் பாருங்கள். சாதாரணமாக வெளியே வராத கடைசி ஓரடி நீளத்தில் பழுப்புக் கோடோ வண்டல் துகளோ இருந்தால், தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. இருக்கையின் தண்டவாளம், அதைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகள், ஸ்பேர் டயர்க் குழி ஆகிய மூன்றும் அடுத்த சாட்சிகள். வெள்ளம் உள்ளே வந்திருந்தால், வயரிங் கனெக்டர்களையும் ஈசியுவையும் கழற்றிப் பார்க்கும்வரை பேட்டரியே இணைக்கக் கூடாது.

வெள்ளம் வராத காரிலும் கார்ப்பெட் ஈரமாக இருப்பதைப் பார்க்கலாம். அதற்குக் காரணம் பெரும்பாலும் கதவுக்குள்ளேதான் இருக்கும். கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்கம் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். அது கேபினுக்குள் வராமல் தடுப்பது டிரிம்முக்குப் பின்னால் கருப்புப் பசையால் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள். பவர் விண்டோ வேலை செய்யவில்லை என்று எப்போதோ ஒரு எலக்ட்ரீஷியன் கதவைத் திறந்திருப்பார். தாளைக் கிழித்து வேலையை முடித்து, கிழிந்த தாளை அப்படியே விட்டு டிரிம்மை அடித்துப் பொருத்தியிருப்பார். அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் டிரிம்மின் உட்புறமாக வழிந்து, கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள தடித்த ஃபோமில் தேங்கும். மேலே தொட்டால் ஈரம் தெரியாது. அடியில் தரைத் தகடு ஆண்டுக்கணக்கில் நனைந்தபடியே இருக்கும். எனவே கார்ப்பெட்டை முழுமையாக வெளியே எடுத்து ஃபோமைக் காயவைத்துத் தகட்டைப் பாருங்கள். புதுத் தாளைக் கெட்டியான பாலித்தீனில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். ஒட்டுவதற்கு உலராத பியூட்டைல் பட்டை வாங்குங்கள், ஃபெவிகால் வேண்டாம்.

துருவைப் பொறுத்தவரை கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் நின்ற வண்டிக்குச் சலுகை எதுவும் கிடையாது. பேட்டரித் தட்டு, ரன்னிங் போர்டின் உட்புறம், பின்சக்கர வளைவின் ஓரம், பின்கதவின் அடிவிளிம்பு, முன் ஷாக் அப்சார்பர் ஏறும் இடம் ஆகியவற்றைச் சிறு சுத்தியலின் பின்புறத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், உளுத்த தகடு மந்தமாக ஒலிக்கும். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கினால் இன்னும் நல்லது. கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 200-ஐத் தாண்டினால் மறுபெயின்ட். 500-க்கு மேல் போனால் உள்ளே பள்ளத்தை நிரப்பும் பட்டி இருக்கிறது, அதாவது அங்கே ஒரு பழைய மோதலின் தடம் ஒளிந்திருக்கிறது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டை வெல்டிங் செய்து, மூட்டுகளுக்கு சீலர் பூசி, எபாக்ஸி பிரைமர் அடித்து, உட்குழிகளுக்குள் மெழுகு தெளிக்க வேண்டும். துருவின் மேலேயே கருப்பு அண்டர்கோட்டிங் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் காரை விடாதீர்கள். ஈரம் அதற்கு அடியில் சிறைப்பட்டு இன்னும் வேகமாகத் தின்னும்.

பெயின்ட் வேலைக்குச் சென்னையில் பருவம் பார்க்க வேண்டும். பாலியெஸ்டர் பட்டி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஐப்பசி, கார்த்திகையில் பட்டி பார்த்த வண்டியைத் திறந்த ஷெட்டில் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மேலே பெயின்ட் அடித்தால், அடுத்த கோடையில் அந்த இடம் கொப்பளிக்கும். மறுபுறம், கத்திரி வெயிலில் வேகமாக உலரும் ஹார்டனர் கலந்தால் மேற்பரப்பு முதலில் காய்ந்து, கரைப்பான் உள்ளே சிக்கிக்கொண்டு ஊசிமுனைத் துளைகள் விழும். தை முதல் பங்குனி வரை பொதுவாக நல்ல காலம். அப்போதும் கதவடைத்த பூத்தும், வெப்பநிலைக்கேற்ற ஹார்டனரும் வேண்டும் என்று வற்புறுத்துங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, வெளிப்பக்கச் சிவப்பு இருபது ஆண்டு வெயிலில் வெளுத்திருக்கும்; அதைப் பார்த்துக் கலக்கினால் வெளுத்த சிவப்புதான் கிடைக்கும். டிக்கியில் கார்ப்பெட்டுக்குக் கீழேயோ, கதவு ரப்பருக்குப் பின்னாலோ வெயில் படாத இடத்தில் நிறத்தை அளந்து, அதற்கேற்பக் கலக்கச் சொல்லுங்கள். வண்டி முழுவதையும் அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. எந்தப் பலகத்தில் கம்பெனி பெயின்ட் நன்றாக இருக்கிறதோ, அதை பாலிஷ் மட்டும் செய்து விட்டுவிடுங்கள். ஒரு கூரைப் பலகமாவது அசல் பெயின்ட்டோடு இருப்பது, பளபளக்கும் புதுப் பெயின்ட்டைவிட மதிப்புள்ளது என்பது என் கருத்து. பசையால் ஒட்டிய முன்கண்ணாடியை, ஓரத்தில் துரு இல்லாவிட்டால், கழற்றவே விடாதீர்கள். எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் உள்ள முத்திரையை ஒப்பிட்டுப் பாருங்கள்; ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்தப் பக்கத்தில் விபத்து நடந்திருக்கலாம்.

இப்போது இன்ஜின். நான்கு ஆண்டுகள் நின்ற வண்டிக்குப் புது பேட்டரி போட்டு உடனே ஸ்டார்ட் செய்வது பெரிய தவறு. டைமிங் பெல்ட் ஓடிய கிலோமீட்டரால் மட்டுமல்லாமல் வயதாலும் கெடும். அது அறுந்தால் அல்லது பல் நழுவினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி ஹெட்டே வீணாகும் ஆபத்து இருக்கிறது. ஆகவே முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்றுங்கள், அந்தப் பக்கம் திறந்திருக்கும்போதே வாட்டர் பம்ப்பையும் ஆயில் சீல்களையும் முடித்துவிடுங்கள். இரட்டைக் கேம்ஷாஃப்ட் கொண்ட இந்த இன்ஜினில், கேம்களை அசையாமல் பிடித்துவைக்கும் தனி டூல் இல்லாமல் பெயின்ட் புள்ளி வைத்து அடையாளம் பார்த்து பெல்ட் மாற்றும் மெக்கானிக் வேண்டாம். பழைய ஃபியட் சர்வீஸ் மையங்களில் வேலை பார்த்துவிட்டுத் தனியாகத் தொழில் செய்பவர்கள் நகரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குச் செலவிடும் நேரம் வீண்போகாது.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிட வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; நாளடைவில் எத்தனாலும் தண்ணீரும் அடியில் தனியே பிரிந்து நிற்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றிப் பாருங்கள். தடங்கலின்றிச் சுற்றினால், சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்யலாம்; நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால், இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. நன்றாக இருக்கும் இன்ஜினை, வண்டியை மீட்டெடுக்கிறோம் என்ற ஒரே காரணத்துக்காகப் பிரிப்பவர்களை எனக்குப் புரிவதில்லை. இன்று பம்புகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், அதைத் தாங்கும் ரகத்தில் புது ஃப்யூல் ஹோஸ், ஓ ரிங், இன்ஜெக்டர் சீல் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். வெளியே தெரியாத இந்த மாற்றத்தில் அசலைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

கூலிங்கில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள்: தெர்மோஸ்டாட் இருக்கிறதா? "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று கழற்றி எறிவது நம் மெக்கானிக்குகளின் நெடுநாள் வழக்கம். கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டிய பிறகு திறக்க வேண்டிய கதவு இல்லாவிட்டால், நெடுஞ்சாலையில் இன்ஜின் சரியான சூட்டுக்கு வருவதே இல்லை. இன்ஜின் குளிர்ந்திருப்பதாக நினைத்து ஈசியு பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கிறது, மைலேஜ் விழுகிறது, சிலிண்டர் சுவர் தேய்கிறது. பாலியோ 1.6-இன் தாகத்தைப் பற்றிய கதைகளில் ஒரு பங்கு இப்படித் தெர்மோஸ்டாட் இழந்த வண்டிகளால் வந்தது என்றே நினைக்கிறேன். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டிகளில் மயிரிழை விரிசல், ஃபேனின் இரண்டு வேகங்கள், எல்லா ஹோஸ்களும் இதே வேளையில் பார்க்க வேண்டியவை. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள்.

பார்ட்ஸுக்கு, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை போகலாம். ஆனால் "பாலியோ பார்ட்ஸ்" என்று பொதுவாகக் கேட்டால் கிடைப்பது கைக்கு வந்தது. கதவு, கண்ணாடி, பூட்டு, கைப்பிடி, டிக்கி போன்றவை அதிகமாக விற்ற 1.2 பாலியோவிலிருந்தே வரும், அவை சற்று சுலபமாகக் கிடைக்கும். இன்ஜின் சம்பந்தப்பட்டவற்றுக்குப் பாலியோ குடும்பத்தைச் சேர்ந்த பெட்ரா 1.6, அட்வென்ச்சர் 1.6 கார்களைத் தேடுங்கள். 2007-இல் வந்த பாலியோ ஸ்டைல் மாடலுக்கு முகப்பும் பின்புறமும் வேறு. அதன் பம்பரையும் விளக்கையும் வாங்கி ஏமாறாதீர்கள். முடிந்தால் ஓடாத ஒரு பாலியோவை முழுதாக வாங்கி ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது, தனித்தனியாகத் தேடுவதைவிட மலிவாக முடியும். பாலியோ பிரேசிலிலும் துருக்கியிலும் பெருவாரியாகத் தயாரானதால், அங்குள்ள விற்பனையாளர்களிடம் சீல், சென்சார், ரப்பர் பாகங்கள் கிடைக்கின்றன. உங்கள் பழைய பாகத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படமெடுத்து, அதே எண் என்று உறுதி செய்த பிறகே பணம் அனுப்புங்கள். நாட்டுக்கு நாடு பாலியோவில் சிறு மாற்றங்கள் உண்டு.

சஸ்பென்ஷன், பிரேக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், இன்ஜின் மவுன்ட் எல்லாவற்றையும் புது ரப்பரில் மாற்றுங்கள், பாலியூரித்தேன் வேண்டாம். பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், முழுவதும் மாற்ற வேண்டும். பின் டிரம்மின் வீல் சிலிண்டர்கள் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண், தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் வயது கடந்த டயரில் ஓட்டாதீர்கள். வயரிங்கில், பிற்பாடு சேர்த்த ஹாரன், ஃபாக் லைட், சென்ட்ரல் லாக், ஸ்டீரியோ இணைப்புகளை எல்லாம் கழற்றிவிட்டு எர்த் முனைகளைச் சுத்தம் செய்தாலே இந்தக் காருக்குச் சொல்லப்படும் மின்சாரக் கோளாறுகளில் பாதி தீரும்.

உங்கள் நண்பரின் யோசனையில் ரீமேப்பை மறந்துவிடுங்கள். டர்போ இல்லாத இந்த இன்ஜினில் அதனால் கையில் உணரும்படி எதுவும் கிடைக்காது. பெரிய சக்கரம் போட்டால் ஹைட்ராலிக் ஸ்டீரிங்கின் அந்தத் தெளிவான கைப்பிடி உணர்வும், மேடுபள்ளச் சாலையை விழுங்கும் தன்மையும் போய்விடும். இந்த இரண்டுக்காகத்தானே இதை ஓட்டுகிறோம்? ஸ்பீக்கரை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் பழைய வயரை வெட்டாமல்.

கடைசியாகக் காகிதங்கள். 2002-இல் பதிவான காரின் முதல் 15 ஆண்டு 2017-இல் முடிந்திருக்கும். அப்போது ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருந்தால் 2022, மறுபடியும் புதுப்பித்திருந்தால் 2027. வண்டி நின்றுபோன காலத்தைப் பார்த்தால் 2022 புதுப்பிப்பு விட்டுப்போயிருக்கலாம், ஆர்.சி.யை இன்றே எடுத்துப் பாருங்கள். 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. பசுமை வரியும் தாமதத்துக்கான தொகையும் தனி. 50 ஆண்டு ஆகாத வண்டி என்பதால் வின்டேஜ் சலுகை பொருந்தாது. டெல்லியில் உள்ளது போன்ற வயதுத் தடை சென்னையில் இல்லாததால், ஆர்.டி.ஓ. ஆய்வில் தேறினால் போதும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டியிருக்கும், சிவப்பாகவே விட்டால் அந்த அலைச்சலும் இல்லை. ஆய்வாளர் சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரின்ட் எடுப்பார். டிங்கரிங் ஷெட்டுக்கு அனுப்பும் முன் அந்த எண் பொறித்த இடத்தைப் படமெடுத்து, மேலே டேப் ஒட்டி, அங்கே கிரைண்டரோ பட்டியோ படக்கூடாது என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எண் மங்கிப்போனால், மற்ற எல்லா வேலையும் முடிந்த பிறகும் கார் சாலைக்கு வராது.